கரி பூசிய சிரிப்பு

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் எள்ளலை முதலாவதாக வைத்தார். அதற்கு உரை கண்ட பேராசிரியர், எள்ளலையும் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது மற்றொன்று. முன்னதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பின்னதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. எள்ளப்பட்டவன் ஏன் நகைக்க வேண்டும்? வலியை மறைக்கவா? எள்ளியவனுக்கு விடை கூறவா? அன்றி, அழுதால் அதையும் கண்டு சிரிப்பார்கள் என்ற அச்சத்தாலா?

இவ்வினாக்களுக்கு ஓர் இனத்தின் வரலாறே விடையாக நிற்கும் நாடு அமெரிக்கா. அங்கே கறுப்பின மக்களைக் காட்டிச் சிரிப்பது ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது. பின்னர் அம்மக்களே மேடையேறினர். தம் நிறத்தைப் பற்றித் தாமே பேசிச் சிரிக்க வைத்தனர். மேடை அவர்கள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு அவர்கள் கைக்கு வந்ததா? அதனைச் சற்று ஆராய்வோம்.

பொய் முகம்

1830-ஆம் ஆண்டையொட்டி, தாமஸ் டார்ட்மவுத் ரைஸ் என்னும் வெள்ளை நடிகர், தக்கையை எரித்தெடுத்த கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கந்தலாடை உடுத்தி, கறுப்பு அடிமை ஒருவரைப் போல ஆடிப் பாடிப் புகழ்பெற்றார். அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் ஜிம் குரோ. 1843-இல் நியூயார்க் நகரில் 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' என்ற நால்வர் குழு, இத்தகைய ஆட்டபாட்டங்களைக் கோத்து ஒரு முழு நிகழ்ச்சியாகவே நடத்திக் காட்டியது. அதன்பின் ஊர்தோறும் மின்ஸ்ட்ரல் குழுக்கள் தோன்றின. வெள்ளையர் கரி பூசி ஆடிய அந்த ஆட்டமே பல்லாண்டுகள் அந்நாட்டின் பெருவழக்கான கேளிக்கையாக இருந்தது.

அந்த மேடை கறுப்பரை எவ்வாறு காட்டியது? சோம்பேறி, அறிவிலி, சிறு திருட்டுக்கு அஞ்சாதவர், ஆயினும் எசமானரின் தோட்டத்தில் கவலையின்றி ஆடிப்பாடி மகிழ்பவர். கடைசிப் பொய்தான் எல்லாவற்றிலும் கொடியது. அடிமை மகிழ்ச்சியாக இருக்கிறான் என்றால் அவனை விடுவிக்க வேண்டிய தேவை எவருக்கு உண்டு? விலங்கின் ஓசையை ஆட்டத்தின் சலங்கை மூடி மறைத்தது.

உள்நாட்டுப் போர் முடிந்து 1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் அந்தக் கோமாளியின் பெயர் ஒழியவில்லை. தென்மாநிலங்கள் கறுப்பரைத் தனி இருக்கையிலும் தனிப் பள்ளியிலும் ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கு 'ஜிம் குரோ சட்டங்கள்' என்றே பெயர் வழங்கலாயிற்று. 1896-இல் உச்ச நீதிமன்றமே இரயில் வண்டியில் தனிப்பெட்டி ஒதுக்குவது முறையே எனத் தீர்ப்பளித்தது. சிரிப்பு முன்னே வந்தது. சட்டம் பின்னே வந்தது. இந்த வரிசையை நாம் மறத்தலாகாது.

இரட்டைக் கருமை

விடுதலை பெற்ற கறுப்பர் சிலர் மேடையை நாடினர். அங்கே அவர்களுக்காக ஒரு விந்தை காத்திருந்தது. வெள்ளையர் தீட்டிய பொய் முகமே உண்மை முகம் என அவையோர் நம்பிவிட்டமையால், கறுப்பரும் தக்கைக் கரியைப் பூசிக்கொள்ள வேண்டியதாயிற்று. இயற்கை தந்த கருமை போதாதென மேலும் ஒரு கருமை!

அவர்களுள் தலைசிறந்தவர் பெர்ட் வில்லியம்ஸ். 1874-இல் பகாமாத் தீவுகளின் நாசோ நகரில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவுக்கு வந்தவர். ஜார்ஜ் வாக்கர் என்ற கறுப்பினத் தோழருடன் இணைந்து மேடையேறினார். கரி பூசிய வெள்ளையர் கூட்டத்தின் நடுவே தாங்கள் தனித்து நிற்க, கறுப்பரை இழித்துரைக்கும் ஒரு சொல்லையே எடுத்து, அதன் 'அசல்' இருவர் தாங்களே என விளம்பரம் செய்துகொண்டனர். 1903-இல் அவர்கள் நடித்த 'இன் தஹோமி' என்னும் இசை நாடகம் பிராட்வேயின் பெரிய அரங்கொன்றில் ஏறியது. கறுப்பரே எழுதிக் கறுப்பரே நடித்த முழுநீள நாடகம் அத்தகைய அரங்கைக் கண்டது அதுவே முதல் முறை. அவ்வாண்டிலேயே அந்நாடகம் இலண்டனுக்குச் சென்று பக்கிங்ஹாம் அரண்மனையில் அரச குடும்பத்தார் முன்னிலையிலும் நடிக்கப்பட்டது.

வில்லியம்ஸ் மேடையில் படைத்த மனிதர் மின்ஸ்ட்ரல் கோமாளியைப் போல் குதிப்பவர் அல்லர், மெல்ல நடப்பவர், தொட்டது துலங்காத துரதிருஷ்டசாலி. கரிக்குப் பின்னாலிருந்து ஒரு முழு மனிதரின் துயரத்தை அவர் எட்டிப் பார்க்க வைத்தார். 1910-இல் சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்னும் புகழ்மிக்க வெள்ளையர் நிகழ்ச்சியில் அவர் சேர்க்கப்பட்டபோது, உடன் நடிப்போர் சிலர் விலகிவிடுவதாக மிரட்டினர். முதலாளி சீக்ஃபெல்ட் அசையவில்லை. கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டன், தம் இனத்துக்குத் தாம் செய்ததினும் மிகுதியாக வில்லியம்ஸ் செய்திருக்கிறார் என்று அந்நாளில் பாராட்டினார்.

ஆனால் திரை விழுந்தபின் நடந்தது வேறு. பெரிய விடுதிகளில் அவர் தங்க நேர்ந்தபோது மூட்டை முடிச்சுகளை ஏற்றும் மின்தூக்கியிலேயே அவரும் ஏற வேண்டியிருந்தது. சற்றுமுன் கேட்ட கைத்தட்டல் காதில் ஒலித்துக்கொண்டே இராவிட்டால் இது இவ்வளவு வருத்தாது என அவர் கூறியதாக, உடன் நடித்த எடி கேன்டர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1918-இல் எழுதிய ஒரு கட்டுரையில் வில்லியம்ஸ், கறுப்பராகப் பிறந்ததில் இழிவு எதையும் தாம் கண்டதில்லை என்றும், அமெரிக்காவில் அது பல வேளைகளில் வசதிக்குறைவாக இருப்பதை மட்டுமே கண்டதாகவும் குறிப்பிட்டார். 'வசதிக்குறைவு' என்ற அந்த அடக்கமான சொல்லுக்குள் எத்தனை இரவுகளின் புழுக்கம் அடங்கியிருக்கிறது!

1922-இல் டெட்ராய்ட் நகரில் நடித்துக்கொண்டிருந்தபோதே அவர் நோயுற்றுச் சாய்ந்தார். அதுவும் நடிப்பென எண்ணி அவையோர் சிரித்தனர் என்பர். சில நாட்களில், தம் 47-ஆம் வயதில், அவர் காலமானார்.

குரலில் பூசிய கரி

முகத்தை மறைக்கும் வானொலி வந்தபின் கரிக்கு வேலை இராது என்று நாம் எண்ணக்கூடும். கரி குரலுக்கு இடம் மாறியது. 1928-இல் தொடங்கிய 'ஏமஸ் அண்ட் ஆண்டி' என்னும் வானொலித் தொடரில் ஃபிரீமன் காஸ்டன், சார்லஸ் கோரல் என்ற இரு வெள்ளையர், கறுப்பரின் பேச்சு என்று தாங்கள் கருதிக்கொண்ட கொச்சையில் பேசி நாடு முழுவதையும் சிரிக்க வைத்தனர். 1951-இல் அத்தொடர் தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களே தேவைப்பட்டனர். வெள்ளையர் உருவாக்கி வைத்த பாத்திரங்களை அக்கறுப்பர் ஏற்று நடித்தனர். நகல் மூலத்தைப் போலிருக்கிறதா என்று நாம் பார்ப்பது வழக்கம். அங்கே மூலமே நகலைப் போலிருக்க வேண்டியதாயிற்று. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 1953-இல் புதிய நிகழ்ச்சிகள் நின்றாலும், பழையவை 1966 வரை மறுஒளிபரப்பாகிக்கொண்டிருந்தன.

இதே காலத்தில் வெள்ளையர் கண்ணுக்கு எட்டாத வேறோர் உலகமும் இருந்தது. கறுப்பர் வாழ்ந்த பகுதிகளில் கறுப்பருக்கென அமைந்த அரங்குகளில் அவர்கள் தமக்குள் சிரித்தார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த அப்பல்லோ அரங்கில் மாம்ஸ் மேப்ளி என்ற பெண்மணி, பல்லில்லாத கிழவியாக, வீட்டு அங்கியும் தொங்கல் தொப்பியுமாய் நின்று, அரசியலையும் ஆண்களையும் வெள்ளையரின் ஆணவத்தையும் ஒருசேரக் கேலி செய்தார். கிழவியின் வாயை யார் அடைப்பது? அங்கே சிரித்தவர்களும் அதே சட்டத்தின்கீழ் நசுங்கியவர்கள். ஆகவே யார், எதற்குச் சிரிக்கிறார் என்ற ஐயம் அந்த அவையில் எழவில்லை. 1962-இல் மேப்ளி புகழ்பெற்ற கார்னகி மண்டபத்தில் மேடையேறினார். ஆயினும் வெள்ளையர் பெருவாரியாக அமர்ந்த அவையில், நின்று நேருக்கு நேர் பேசும் உரிமை ஒரு கறுப்பின நகைச்சுவையாளருக்கு அதற்கு ஓராண்டு முன்னர்தான் பெரிய அளவில் கிட்டியிருந்தது.

அமர்ந்து பேசும் உரிமை

1961 ஜனவரி 13 அன்று சிகாகோ நகரின் பிளேபாய் கிளப்பில், வரவேண்டிய கலைஞர் வராததால், டிக் கிரெகரி என்ற 28 வயது கறுப்பின இளைஞர் ஓரிரவுக்கு அழைக்கப்பட்டார். ஊதியம் 50 டாலர். அன்று அவையில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் தென்மாநிலங்களிலிருந்து மாநாட்டுக்கு வந்திருந்த வெள்ளை வணிகர். நிகழ்த்த வேண்டாம் என்று நிருவாகி தயங்கிய பின்னும் கிரெகரி மேடையேறினார். அன்றிரவின் வெற்றியால் பல வாரங்கள் அங்கேயே நிகழ்த்த ஒப்பந்தமானார். ஆண்டு முடிவதற்குள் நாடறிந்த மனிதராகிவிட்டார்.

அவர் கூறிய துணுக்குகளுள் ஒன்றை இங்கே எண்ணிப் பார்ப்போம். 'கறுப்பருக்குப் பரிமாறுவதில்லை' என்பதும் 'கறுப்பரைப் பரிமாறுவதில்லை' என்பதும் ஆங்கிலத்தில் ஒரே சொற்றொடர்தான். தென்மாநில உணவு விடுதி ஒன்றில் பணிப்பெண் அவ்வாறு கூறியதும், தாம் கறுப்பரை உண்பதில்லை என்றும், கோழி ஒன்றை முழுதாகப் பொரித்துத் தந்தால் போதும் என்றும் தாம் விடையிறுத்ததாக கிரெகரி சொல்வார். இங்கே நகைப்புக்கு இலக்காவது யார்? கறுப்பரும் அல்லர், அந்தப் பணிப்பெண்கூட அல்லர். ஒரு மனிதனுக்கு உணவிட மறுக்கும் சட்டமே அங்கே மூடனாக நிற்கிறது. தென்மாநில வணிகர் அதைக் கேட்டுச் சிரித்தபோது, தம்மையறியாமல் தம் ஊர்ச் சட்டத்தைப் பார்த்தே சிரித்தனர்.

கிரெகரியின் பெருமையை உணர்த்தும் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அந்நாளில் ஜாக் பார் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றுவது கலைஞர்களின் கனவு. கிரெகரிக்கு அழைப்பு வந்தது, அவர் மறுத்தார். காரணம் எளியது. வெள்ளைக் கலைஞர்கள் நிகழ்த்தி முடித்தபின் ஜாக் பாரின் அருகே அமர்ந்து உரையாடுவர். கறுப்பர் நிகழ்த்தி முடித்ததும் வெளியே போய்விட வேண்டும். உட்கார வைத்துப் பேசினால்தான் வருவேன் என்றார் கிரெகரி. ஜாக் பார் இசைந்தார். மேடையில் நின்று சிரிக்க வைப்பவன் கலைஞன்; அருகில் அமர்ந்து குடும்பத்தைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசுபவன் மனிதன். இரண்டாவது நிலையைத்தான் அவர் கேட்டுப் பெற்றார்.

சிரிப்போடு அவர் நின்றுவிடவும் இல்லை. 1963 பிப்ரவரியில், வாக்குரிமை கேட்டதற்காக உணவு நிறுத்தப்பட்ட மிசிசிப்பி மாநிலக் கிரீன்வுட் மக்களுக்கு, விமானத்தை வாடகைக்கு அமர்த்தி ஏறத்தாழ ஏழு டன் உணவு கொண்டு சேர்த்தார். அவ்வாண்டே பர்மிங்காம் நகரப் போராட்டத்தில் சிறை சென்றார். நகைச்சுவை மட்டும் அநீதியை வீழ்த்திவிடாது என்பதை அவர் அறிந்திருந்தார். 2017-இல் மறையும் வரை அவருடைய வாழ்வு பெரும்பாலும் மேடையைவிடத் தெருவுக்கே உரியதாயிருந்தது.

ஒரு சொல்லைத் துறந்தவர்

அடுத்து வந்த ரிச்சர்ட் பிரையர் வேறு வழி தேடினார். 1940-இல் இல்லினாய் மாநிலப் பியோரியா நகரில் பிறந்து, பாட்டியார் நடத்திய பரத்தையர் இல்லத்தில் வளர்ந்தவர். தொடக்கத்தில் எவரையும் உறுத்தாத நகைச்சுவையே அவருக்குப் புகழ் தந்தது. 1967-இல் லாஸ் வேகாஸ் நகரின் அலாதீன் விடுதி மேடையில் நின்றவர், இங்கே நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தம்மையே கேட்டுவிட்டு இறங்கிப் போனார். பின்னர் அவர் திரும்பி வந்தபோது, தாம் வளர்ந்த தெருவின் குடிகாரர்களும் கிழவர்களும் சூதாடிகளும் அவர் வாய்வழியே பேசினர். அவர்களைப் பார்த்து அவர் நகைக்கவில்லை; அவர்களாகவே ஆகி நின்றார்.

அடிமைக் காலத்தில் வெள்ளையர் கறுப்பருக்கு இட்ட இழிசொல் ஒன்று உண்டு. அதை பிரையர் மேடையில் ஓயாது கூறினார்; 1974-இல் வெளியிட்ட ஒலித்தட்டின் தலைப்பிலேயே வைத்தார். அத்தட்டு கிராமி விருதும் பெற்றது. திரும்பத் திரும்பச் சொல்வதால் நச்சுப்பல் தேய்ந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. 1979-இல் அவர் கென்யா சென்றார். நைரோபி விடுதியின் முற்றத்தில் அமர்ந்து, தம்மைச் சுற்றிலும் கறுப்பின மக்கள் எல்லா நிலைகளிலும் இயல்பாக நடமாடுவதைக் கண்டார். அங்கிருந்த எவருக்கும் அந்தச் சொல் பொருந்தாதென அப்போது அவருக்குப் புலப்பட்டது. 1982-இல் வெளியான நிகழ்ச்சிப் படத்தில் அவையோரிடமே அதைக் கூறி, இனி அச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை என அறிவித்தார். தமக்குப் புகழ் தந்த ஆயுதத்தைப் புகழின் உச்சியில் நின்று கீழே வைப்பது எளிய செயலன்று. 1998-இல் நகைச்சுவைக்கான மார்க் ட்வெயின் பரிசு நிறுவப்பட்டபோது அதை முதலில் பெற்றவர் அவரே.

ஐந்து கோடி டாலரும் ஒரு சிரிப்பும்

2003-இல் டேவ் சாப்பல் தம் பெயரிலேயே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார். இஸ்லாத்தைத் தழுவிய இவர், 1973-இல் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். முதல் நிகழ்ச்சியிலேயே, தாம் கறுப்பர் என்பதை அறியாத ஒரு பார்வையற்ற கறுப்பர், வெள்ளையர் இனவெறிக் கூட்டத்துக்குத் தலைவராக விளங்குவதைக் காட்டினார். நிறவெறி என்பதே குருட்டு நம்பிக்கை என்பதை இதைவிடக் கூர்மையாகக் கூற முடியுமா? நிகழ்ச்சி பெருவெற்றி பெற்றது. 2004-இல் 5 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் கையெழுத்தானது.

2005-இல், மூன்றாம் பருவத்தின் படப்பிடிப்பு நடக்கையிலேயே, அனைத்தையும் விட்டுவிட்டு அவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் புறப்பட்டுப் போனார். உலகம் அவரைப் பித்தர் என்றது. பின்னர் அவரே காரணத்தை விளக்கினார். கறுப்பர் ஒருவரைத் தம் இனத்தைப் பற்றிய இழிந்த கற்பனைக்கேற்ப நடந்துகொள்ளத் தூண்டும் ஒரு குட்டித் தேவதையாக, முகத்தில் கரி பூசி, மின்ஸ்ட்ரல் உடையில் அவர் நடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கற்பனையைக் கேலி செய்வதே அவர் நோக்கம். படப்பிடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளையர் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு சற்று நீண்டது. அதன் ஓசை வேறாக இருந்தது. தாம் கூறியதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை, தம்மைப் பார்த்தே சிரிக்கிறார் என்று சாப்பலுக்குப் பட்டது. பெர்ட் வில்லியம்ஸ் பூசிய அதே கரி. நூறாண்டுகளுக்குப் பின் அதே சிரிப்பு. அவர் விட்டுச் சென்ற காட்சிகளை 2006-இல் நிறுவனம் ஒளிபரப்பியது. அவற்றுள் அக்காட்சியும் இடம்பெற்றது.

வரலாற்றை எழுதும் நாம் மற்றொன்றையும் மறைத்தலாகாது. 2021-இல் சாப்பலின் ஒரு நிகழ்ச்சியில் திருநரைப் பற்றி அவர் பேசியவை தங்களைப் புண்படுத்தியதாகக் கூறி, அதை வெளியிட்ட நெட்ஃபிளிக்ஸ் நிறுவன ஊழியர் சிலர் வெளிநடப்புச் செய்தனர். எவர் பக்கம் நியாயம் என்பது இன்றும் வாதத்துக்குரியது. ஒருவருடைய சிரிப்பு தம்மைச் சுட்டதை உணர்ந்து ஐந்து கோடி டாலரை உதறியவரிடமே, உம் பேச்சால் எழும் சிரிப்பு எங்களைச் சுடுகிறது என்று பிறர் வந்து முறையிட்டனர் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. பேராசிரியர் பிரித்துக் காட்டிய இரு வகை எள்ளலுக்கும் இடையே உள்ள கோடு மிக மெல்லியது.

நம்மவர் குரல்

குரலில் பூசிய கரி இந்திய வம்சாவளியினரையும் விட்டுவைக்கவில்லை. 'சிம்ப்சன்ஸ்' என்னும் கேலிச்சித்திரத் தொடரில் 1990 முதல் வந்த ஆப்பு என்ற இந்தியக் கடைக்காரருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளை நடிகர். அந்தக் குரலைக் கேட்டுக் கேலிக்குள்ளாகி வளர்ந்த தலைமுறையின் சார்பில், நகைச்சுவையாளர் ஹரி கொண்டபோலு 2017-இல் ஓர் ஆவணப்படம் வெளியிட்டார். 2020-இல் அசாரியா அக்குரலைக் கைவிடுவதாக அறிவித்தார்.

தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறிய தமிழ் முஸ்லிம் பெற்றோருக்கு 1983-இல் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர் அஜீஸ் அன்சாரி. இந்தியர் ஒருவர் ஆங்கிலத் திரைப்படத்தில் வருகிறாரே என்று சிறுவயதில் தாம் மகிழ்ந்து பார்த்த பாத்திரம், உண்மையில் முகத்துக்கு நிறம் பூசிய வெள்ளை நடிகர் என்பதைப் பின்னாளில் அறிந்ததை அவர் எழுதியிருக்கிறார். 2015-இல் வெளியான 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில் அவர் ஏற்ற நடிகர் பாத்திரம் நடிப்புத் தேர்வுக்குச் செல்கிறது, வாடகைக்கார் ஓட்டுநராக, 'இந்திய' உச்சரிப்பில் பேசுமாறு கேட்கிறார்கள், மறுக்கிறது, வாய்ப்பை இழக்கிறது. அத்தொடரில் தந்தையாகவும் தாயாகவும் நடித்தவர்கள் அன்சாரியின் சொந்தப் பெற்றோரே. அவர்களுக்கென்று ஒரு கொச்சையை எவரும் எழுதித் தரவில்லை. தங்கள் இயல்பான குரலிலேயே அவர்கள் பேசினர். மக்கள் அதைக் கேட்டும் சிரித்தனர். பெற்றோரைப் பற்றிய பகுதியை எழுதியதற்காக 2016-இல் அன்சாரியும் அவருடைய தோழர் ஆலன் யாங்கும் எம்மி விருது பெற்றனர்.

ஏறத்தாழ இருநூறாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்கையில் நமக்குத் தோன்றுவது இதுவே. வில்லியம்ஸ் கரிக்குள் மனிதரைக் காட்டினார். கிரெகரி இருக்கை கேட்டார். பிரையர் ஒரு சொல்லைத் துறந்தார். சாப்பல் ஒரு செல்வத்தைத் துறந்தார். அன்சாரி தம் பெற்றோரின் குரலை மீட்டார். ஐவரும் சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள். அந்தத் திறமை ஒன்றே போதுமென அவர்கள் இருந்திருந்தால் இவ்வளவு துன்பம் அவர்களுக்கு இல்லை. எழுந்த சிரிப்பு எங்கிருந்து எழுந்தது என்று நின்று கேட்டதால்தான் அவர்கள் வருந்தினர்.

நகைச்சுவையாளர் தம் சொல்லுக்கு மட்டுமே உரிமையாளர். அதைக் கேட்டு எழும் சிரிப்பு கேட்பவருடையது. ஆகவே பாதிப் பொறுப்பு அவையில் அமர்ந்திருக்கும் நம்முடையதாகும். ஒருவர் தம் காயத்தைத் திறந்து காட்டிச் சிரிக்க வைக்கும்போது, நாம் காயப்படுத்தியவனைக் கண்டு சிரிக்கிறோமா, காயத்தைக் கண்டு சிரிக்கிறோமா? இதைத் தெரிந்துகொண்டு சிரிப்பதே நகைச்சுவைக்கு நாம் செலுத்தும் மரியாதை.